வீக்கம் வடிய மூணு மாசம்

மதுரையில் காளீஸ்வரியின் வயிற்றுக் கொழுப்பை ஆபரேஷன் செய்து எடுத்து ஐந்து நாளாகியிருந்தது. அசந்து தூங்கும் மகளை எழுப்ப மனமில்லாமல், ராமுத்தாய் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினாள்.

"காளி, பந்தல்குடி வரைக்கும் போயிட்டு வாரேன். சோறும் ரசமும் மூடி வச்சிருக்கேன். வயித்துப் பெல்ட்டைக் கழட்டாத. தையல்ல லேசா நீர் கசிஞ்சா பயப்படாத. காய்ச்சல் அடிச்சாலோ மூச்சு வாங்கினாலோ ஒடனே போன் போடு. வயிறு முன்னைக்குப் பெருசா இருக்குன்னு அழாத, வீக்கம் வடிய மூணு மாசம் ஆகும்னு டாக்டர் சொன்னாக. வீட்டுக்குள்ளயே மெதுவா நட."

பேனா நின்றது. பெண் பார்க்க வந்த பந்தல்குடிக்காரர்கள், "ஒடம்பக் கொறச்சா மேக்கொண்டு பேசுவோம்" என்று சொல்லிப் போயிருந்தார்கள். "எனக்கு வேணாம்மா" என்று காளீஸ்வரி அழுதும், ராமுத்தாய்தான் விடாமல் மதுரைக்குக் கூட்டிப்போனாள். இன்று காலையில் அவர்களிடமிருந்து போன் வந்தது.

தாளின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் நுணுக்கி எழுதினாள்.

"அவுக வேற பொண்ணைப் பேசி முடிச்சிட்டாக. உன் போட்டோவத் திருப்பி வாங்கத்தான் போறேன். நீ அழுதப்பவே நான் கேட்டிருக்கணும். வந்ததும் என்னைய என்ன வேணாலும் பேசு, தாயி. பேசாம மட்டும் இருந்துறாத."