முகமூடியைக் கொடுத்த பிறகு

பிப்ரவரி 12, புதன், இரவு

பள்ளி விட்டு வரும்போது பஸ்ஸில் எனக்கும் தோழி கவிதாவுக்கும் சண்டை. நாங்கள் சேர்ந்து வரையும் காமிக்ஸின் வீரன் இடிமுகனுக்கு வயதாகிவிட்டது. முகமூடியைத் தன் சிஷ்யை தாராவிடம் கொடுத்துவிட்டு அவன் ஓய்வு பெறலாமா என்பதுதான் பேச்சு.

"இடிமுகன் இல்லாம என்னடி கதை? நீ வேணா போய்ப் பறந்துக்க" என்றாள்.

"முட்டி நடுங்குற ஆளு எதுக்குடி பறக்கணும்? எறங்கி எடத்த உடச் சொல்லு!" என்று கத்தினேன். பஸ்ஸே சிரித்தது.

திரும்பினால் பின் சீட்டில் அப்பா. சோளக்காடு நிறுத்தத்தில் ஏறியிருக்கிறார். சிரிக்கவில்லை.

மரமேறி மிளகு பறிப்பது அவர் வேலை. இன்று ஏணியில் கால் நடுங்கியதைப் பார்த்த தோட்டத்து முதலாளி, ஏணியை வாங்கி ஓர் இளைஞரிடம் கொடுத்துவிட்டாராம். இனி வர வேண்டாம் என்றாராம். வீட்டுக்கு வந்துதான் அம்மாவிடம் சொன்னார்.

சாப்பிடும்போது என்னைக் கேட்டார்: "அந்தப் புள்ள முகமூடிய வாங்கிக்கிச்சு, சரி. அப்பறம் அந்தப் பெரியவரு காலையில எந்திரிச்சு எங்க போவாரு கண்ணு?"

இத்தனை நாள் வாதாடியும் அதை நாங்கள் யோசித்ததே இல்லை.



அப்பா ஐந்து மணிக்கே எழுந்து பழகியவர்.