கீழே போட்ட ரூல்

செவ்வாய், இரவு

அருமனை ரப்பர் ஆபீஸில் கம்ப்யூட்டர், நெட் எல்லாம் பார்த்துக்கொள்ளும் என்னிடம் முதலாளி இன்று கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "மக்கா, கணக்கு பாக்குத ஸ்டெல்லா வேற சோலி தேடுகா போல. அவ கம்ப்யூட்டர்ல இருந்து சோலி தேடுத சைட்டுக்குப் போறதுல எல்லாம் எனக்கு ஒரு காப்பி வரணும், கேட்டியா?"

ஆபீஸ் நெட்டில் போவதையும் வருவதையும் சோதித்து அனுப்பும் ஃபயர்வாலில் ஒரு ரூல் போதும். போகிற தகவல் துண்டை, அதாவது பாக்கெட்டை, நகலெடுத்து அவருக்குத் தரும், அசலைப் போகவிடும். ஸ்டெல்லா அக்காவுக்குத் தெரியவே தெரியாது.

போட்டேன். ஆனால் எல்லாவற்றையும் அனுமதிக்கும் ரூலுக்குக் கீழே போட்டேன். ஃபயர்வால் ரூல்களை மேலிருந்து படித்து, பொருந்தும் முதல் ரூலோடு நின்றுவிடும். மேலே உள்ளதிலேயே பாக்கெட் வெளியே போய்விடும். கீழே இருப்பதை ஃபயர்வால் பார்க்கவே பார்க்காது.

முதலாளி திரையில் அந்த வரியைப் பார்த்துத் தலையாட்டினார்.

ஒன்றும் வரவில்லையே என்று நாளை கேட்பார். அக்கா எதுவும் தேடவில்லை போல என்பேன். நாகர்கோவில் ஆஸ்பத்திரி வேலைக்கு அக்காவின் பயோடேட்டாவை அடித்துக் கொடுத்ததே நான்தான்.