கல்வெட்டில் சேராத பாட்டு

மச்சாள்,

இன்று காலை பக்கத்து வளவில் மருத்துநீர் காய்ச்சினார்கள். மஞ்சளும் மிளகும் அறுகம்புல்லும் சேர்ந்து கொதிக்கிற மணம் வேலிக்கு மேலால் எங்கள் கிணற்றடிவரை வந்தது. நீ கண்ணை மூடி இன்னும் ஒரு வருஷம் திரும்பவில்லை, ஆட்டைத் திவசம் ஆகவில்லை. ஆகவே எங்கள் வீட்டுக்கு இந்தச் சித்திரையில் வருஷப்பிறப்பு இல்லை. தலைக்கு மருத்துநீரும் இல்லை, கைவிசேஷக் காசும் இல்லை. அயலவர்கள் எங்கள் துக்கத்தை மதித்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டு கொண்டாடினார்கள். உனக்கு அது பிடித்திராது. கொண்டாடுகிறவர்கள் சத்தமாகக் கொண்டாட வேண்டும் என்பது உன் கட்சி.

நீ தொண்டைமானாற்றிலிருந்து அண்ணைக்கு வாழ்க்கைப்பட்டு இந்த அரியாலை வீட்டுக்கு வந்த முதல் சித்திரையை நினைத்துக்கொண்டேன். நான் சென்னையில் பட்டப்படிப்பை முடித்து ஊருக்குத் திரும்பி, இங்கே பட்டணத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கத் தொடங்கியிருந்த காலம். வருஷம் பிறந்ததும் பஞ்சாங்கம் சொன்ன நல்ல நேரத்தில் ஒவ்வொருவரும் தத்தம் தொழிலைச் சிறிது தொடங்கிவைப்பது வழக்கம். வெளியே தோட்டத்தில் நாளேர் பூட்டினார்கள். பிறக்கிராசி வேலை பார்த்த அண்ணை மேசையில் ஒரு காணி உறுதிப் பத்திரத்தை விரித்து வைத்து, வழக்குப் பேசுகிற குரலில் நாலு வரி வாசித்தார். என்னையும் ஒரு புத்தகத்தைத் திறக்கச் சொன்னார்கள். நீ என்னை அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தி, உன் சீதனத்தோடு வந்த கிராமபோன் பெட்டிக்குச் சாவி கொடுத்தாய்.

“நல்ல நேரத்திலை எதைத் தொடங்கிறமோ அது வருஷம் முழுக்க நடக்குமாம். நாங்கள் இதைத் தொடங்குவம்.”

அன்று நாம் செய்த தீர்மானங்களை நீ நேர்த்தி என்றாய், சந்நிதி முருகனுக்கு வைக்கிற நேர்த்திக்கடனைப் போல. பட்டணத்துக் கொட்டகைக்கு எந்த நாடகக் கம்பனி வந்தாலும் எப்படியாவது போய்ப் பார்ப்பது. பார்த்ததைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் கதைப்பது. ஊர் பாடுகிற மெட்டுக்கு நாமே ஒரு பாட்டாவது கட்டுவது. கட்டுவதெல்லாம் எனக்கு வராது, நான் இரசிப்பதோடு நின்றுகொள்கிறேன் என்று சொன்னேன். நீ என்னை ஏற இறங்கப் பார்த்தாய்.

“இரசிக்கிறதும் ஒரு வேலைதான் மச்சாள். அதையாவது ஒழுங்காய்ச் செய். நீ பி.ஏ. படிச்சனி, சிரிக்கிறதுக்கும் ஆரும் உத்தரவு தரவேணுமோ?”

அது உண்மை. எனக்கு நாடகப் பாட்டுப் பிடிக்கும் என்று வெளியே சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. கொட்டகையில் விசிலடிக்கிற கூட்டத்துக்கு நடுவே நான் பரீட்சை மேற்பார்வை செய்பவளைப் போல உட்கார்ந்திருப்பேன். நீயோ ராஜபார்ட் மேடைக்கு வருவதற்கு முன்பே திரைச்சீலையின் ஆட்டத்தைப் பார்த்து, இன்றைக்கு அவருக்குத் தொண்டை சரியில்லை என்பாய். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

சில வருஷம் கழித்துத்தான் உன் பாட்டு வந்தது. உன் ஊரில் ஆறு என்று சொல்கிற கடல்நீரேரிக்கு அக்கரையில் நிற்கிற காதலன் வரவில்லை. காத்திருக்கிறவள் அவனைக் கேலி செய்கிறாள். நீ மா இடித்துக்கொண்டே உலக்கைச் சத்தத்துக்கு அதைக் கட்டினாய்.

“ஆறு கடந்து வருவேன் என்றீர் அத்தானே – தோணி
காற்றில்லாமல் நின்றதென்றீர் பொய்தானே.”

அந்த நாளில் கொட்டகையில் ஆடிய நாடகக் கம்பனிக்கு ஆர்மோனியம் வாசித்தவர் எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். நான் அதை அவருக்குப் பாடிக் காட்டினேன். என் குரலைக் கேட்டு முதலில் சிரித்தார். பிறகு சொற்களைக் கேட்டார், சிரிப்பை விட்டார். ஆர் கட்டியது என்று கேட்டதற்கு, நீ சொல்லித் தந்தபடி, தெரிந்த இடத்தில் கேட்ட பாட்டு என்று சொல்லிவைத்தேன்.

கொட்டகையில் அது பாடப்பட்ட நாளை நான் மறந்தாலும் என் கை மறக்காது. அவ்வளவு பலமாக நீ அதைப் பிடித்திருந்தாய். பெண்கள் பக்கத்தில் யாரோ ஒருத்தி, முன்பின் தெரியாதவள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முன்வரிசைக் கதிரைகளிலிருந்து “வன்ஸ்மோர்” என்று ஒரு குரல் கேட்டது. அது அண்ணையின் குரல். அவர் எழுந்து நின்றே கேட்டார். ராஜபார்ட் வணங்கிவிட்டு மறுபடி பாடினார். நீ அழுதாயா சிரித்தாயா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அடுத்த வாரத்து நோட்டீசில் அந்தப் பாட்டை அச்சிட்டு, கீழே கம்பனிக்கு நாடகம் எழுதுகிற வாத்தியாரின் பெயரைப் போட்டிருந்தார்கள். நீ அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு மடித்து அடுப்புக்குள் வைத்தாய். “அடுத்த வருஷம் பேரோடை,” என்று மட்டும் சொன்னாய்.

ஆகவே அடுத்த சித்திரையில் உன் நேர்த்தி முழு நாடகம். நல்ல நேரம் பார்த்து முதற் காட்சியைத் தொடங்கினாய். கைவிசேஷம் கொடுக்க வந்த அண்ணை, உதென்ன என்று கேட்டார். நீ ஒளிக்கவில்லை. உன் பெயரோடு மேடையேற்ற ஒரு நாடகம் எழுதுவதாகச் சிரித்துக்கொண்டே சொன்னாய். அவர் சத்தம் போடவில்லை. வெற்றிலையில் வைத்த காசை உன் கையில் கொடுத்துவிட்டுத்தான் கதைத்தார்.

“பிறக்கிராசியின்ரை பெண்சாதி கூத்து எழுதிறாளாம் எண்டு கோட்டு வாசலிலை சிரிப்பினம். பிறகு நான் எந்த முகத்தோடை எழும்பி வழக்குப் பேசிறது? நீரே சொல்லும்.”

வன்ஸ்மோர் கேட்ட அதே வாய். கிராமபோன் பெட்டி அந்தக் கிழமையே கொடிகாமத்தில் இருந்த அவருடைய ஒன்றுவிட்ட தம்பி வீட்டுக்குப் போயிற்று. அண்ணை நல்லவர் என்று ஊர் சொல்லும், நானும் சொல்வேன். கெட்டவராக இருந்திருந்தால் சண்டை பிடித்திருக்கலாம்.

உன்மேலும் எனக்குக் கோபம் உண்டு மச்சாள், அது இன்னும் ஆறவில்லை. கிராமபோன் பிளேட்டுகள் உடையாமல் பழஞ்சேலையில் சுற்றிக் கொடுத்தது நீதான். கொட்டகையில் அவர் கேட்ட பாட்டு ஆருடையது என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் சொல்லப் போனபோது என் வாயைப் பொத்தினாய். “அவர் அந்தப் பாட்டையும் வெறுத்துப்போடுவார். அது எண்டாலும் இருக்கட்டும்,” என்றாய். அடுத்தடுத்த வருஷப்பிறப்புகளில் நல்ல நேரத்தில் நீ பாற்பானையை அடுப்பில் வைத்தாய். இந்த முறை என்ன நேர்த்தி என்று நான் கேட்டால், பால் பொங்கினால் அதுவே காணும் என்பாய்.

பிறகு பேசும் படம் வந்தது. நான் பள்ளிக்கூடத்து ஆசிரியைகளோடு போய்ப் பார்த்துவிட்டு வந்து, நீ மீன் அரிந்துகொண்டிருக்கும்போது கதையைச் சொல்வேன். “நீ சொன்னால் கதாநாயகனும் குதிரையும் ஒரே குரலிலை கதைக்கினம்,” என்று கேலி செய்வாய். ஆனாலும் விடாமல் கேட்பாய். அந்த இடத்தில் ஒரு பாட்டு வந்திருக்க வேண்டுமே என்பாய். இல்லை என்றால், வைத்திருக்க வேண்டும் என்பாய். வைத்துக் காட்டு என்று நான் கேட்ட நாட்களில் நீ மீன் கழுவ எழுந்து போய்விடுவாய்.

போன ஆவணியில் வந்த காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிற்று. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு, இங்குள்ள வழக்கப்படி, அண்ணை உனக்குக் கல்வெட்டு என்கிற நினைவுப் பாட்டுப் புத்தகம் அச்சடித்தார். ஒரு புலவர் வந்து, உன் ஊரையும் உன் தகப்பன் பேரையும் கேட்டுக்கொண்டு போய், வெண்பாவும் விருத்தமுமாக எழுதிக்கொண்டு வந்தார். அதன்படி நீ கணவன் சொல் கடவாதவள், அதிர்ந்து பேசாதவள், அடக்கமே உருவெடுத்தவள். நான் வாசித்துக்கொண்டு போனேன், செத்தது வேறு ஆரோ என்று பட்டது. அவள் பாட்டுக் கட்டுவாள் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி அண்ணையிடம் கேட்டேன். “சாமி பாட்டு ஆர்தான் பாடாதவை?” என்றார். உன்னைப் பற்றி அச்சில் வந்தது அந்தப் புத்தகம் ஒன்றுதான். வந்தவர்கள் அதையும் வாழைப்பழத்தையும் ஒரே கையில் வாங்கிக்கொண்டு போனார்கள்.

இன்று காலை நான் கிணற்றடியிலிருந்து திரும்பியபோது அண்ணை விறாந்தையில் கண்ணாடியைத் தொங்கவிட்டு முகம் வழித்துக்கொண்டிருந்தார். உன் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். முதற் சரணம் முடித்து இரண்டாவதையும் பிசகில்லாமல் பாடினார். என்னைக் கண்டதும், அந்தக் காலத்துப் பாட்டெண்டால் பாட்டுத்தான் என்றார். உன் கை என் வாயில் இல்லை. நான் சொல்லிவிட்டேன்.

“அண்ணை, அது மச்சாள் கட்டின பாட்டு. நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தனான்.”

அவர் கத்தியைத் தாழ்த்திவிட்டு என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, இரக்கம்.

“விசர்க் கதை கதையாதை பிள்ளை. அது கம்பனி வாத்தியாற்றை பாட்டு. நோட்டீசிலை பேர் கிடந்தது, நான் கண்ணாலை பார்த்தனான்.”

“நான் சாட்சி.”

“நீ அவளுக்கு வேண்டப்பட்ட ஆள். உன்ரை சாட்சி எடுபடாது.”

மற்றக் கன்னத்துக்குச் சவர்க்காரம் பூசிக்கொண்டு, நிறுத்திய இடத்திலிருந்து மறுபடி முணுமுணுக்கத் தொடங்கினார்.

மூன்றாவது சரணம் ஒன்று இருந்தது, நினைவிருக்கிறதா? நான் ஆர்மோனியக்காரரிடம் போக வெளிக்கிட்டபோது, அதைக் கொடுக்க வேண்டாம் என்று மறித்தாய். இதற்குச் சனம் சிரிக்காது என்றாய்.

“வந்த பின்பும் பார்த்ததில்லை என் முகத்தை – வாசல்
வந்து நின்ற பெண் யாரென்பீர் அத்தானே.”

எனக்குக் குரல் இல்லை. ஆனாலும் அதை ஒரு சொல் தவறாமல் வைத்திருக்கிறேன். அண்ணை எத்தனை தரம் பாடினாலும் இரண்டாவது சரணத்தோடு நிறுத்திவிடுகிறார். அதற்கு மேலும் பாட்டு இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது.