கல்லுச் சரிவில் உன் ஜீப்

என் அன்பு மச்சான் மாணிக்கத்துக்கு,

கொரோனாவுக்காகச் சிங்கப்பூர்ப் பாலத்தை மூடி வைத்திருந்து மறுபடி திறந்தார்களே, விடிகாலையிலேயே மோட்டார் சைக்கிள்கள் வரிசை கட்டி நின்றதே, அந்த வருஷம் நீ எங்களை விட்டுப் போனாய். அதே வருஷம்தான் தம்போயில் உன் வீட்டுக்கு எதிரே நின்ற மழைமரத்தை வெட்டினார்கள். அதே வருஷம்தான் என் வீட்டில் உன் அக்காவுக்குக் கண் ஆபரேஷன். தேதி எழுதவோ படிக்கவோ எனக்குத் தெரியாது. எதுக்குப் பின்னால் எது வந்தது என்று கேட்டால் மட்டும் சொல்லிவிடுவேன். இதையும் நான் சொல்லச் சொல்ல என் மருமகள், மகனின் பெண்டாட்டிதான், எழுதுகிறாள்.

உன் ஜீப்பைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

நீ போன நாளிலிருந்து அது போர்ச்சில் தார்ப்பாய் போட்டுக் கிடந்தது. ராணி அதைச் சுற்றிக்கொண்டு போய்த் துணி காயப் போடுவாள், விரலால்கூடத் தொட மாட்டாள். டயாலிசிஸ் நாளைத் தள்ளிப் போட்டுவிட்டு ரெண்டு தடவை இந்த ஜீப்பில் நீ கல்லு மலைக்குப் போனதை அவள் மறக்கவில்லை. மறந்துவிடு என்று உன் பெண்டாட்டியிடம் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. நீ யார் பேச்சைத்தான் கேட்டாய்?

உன் மகள் கலாதான் விடவில்லை. பாசிர் கூடாங் துறைமுகத்தில் கண்டெய்னர் தூக்கும் கிரேனை ஓட்டுகிறவள், நைட் ஷிப்ட் முடித்து வந்து தூங்காமல் ஜீப்புக்கு அடியில் படுத்துக் கிடப்பாள். பேட்டரி மாற்றினாள், பிரேக் பார்த்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருந்தபோது தாயும் மகளும் ஆரம்பித்துவிட்டார்கள்.

"அம்மா, இது அப்பா வண்டி."

"உங்கப்பாவைக் கொண்டு போன வண்டி."

"கிட்னி கொண்டு போச்சும்மா."

"கிட்னிக்கு ஆஸ்பத்திரியில மிஷின் காத்துக்கிட்டு இருந்துச்சு. ஆளு எங்க இருந்தாரு?"

கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தார்கள். நம்ம ஜீப்புக் கூட்டம் வருஷா வருஷம் போகிற பயணத்துக்குக் கலா ஜீப்பை எடுத்துப் போவாள். கல்லுச் சரிவை யாரும் கயிறு போட்டு இழுக்காமல் தானாக ஏறினால் ஜீப் வீட்டில் இருக்கும். கயிறு போட்டால், ரொம்ப நாளாக விலைக்குக் கேட்டுக்கொண்டிருக்கிற யோங் பெங் ஊர்க்காரனிடம் மறுநாளே போய்விடும்.

"நானும் வருவேன்," என்றாள் ராணி. "கண்ணால பார்க்காம நம்ப மாட்டேன்."

கலா என்னைப் பார்த்தாள். "மாமா, அப்பா ஜீப்புக்கு நீங்கதான் கை."

நமக்குள் இருக்கிற சட்டம் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்று மருமகள் சொல்கிறாள், அதனால் சொல்லிவிடுகிறேன். கல்லு மேல் ஏறும்போது டிரைவருக்கு டயர் தெரியாது. ஒருத்தர் முன்னால் நின்று கையால் வழி காட்டணும். ஒரு வண்டிக்கு ஒரு கை. அந்தக் கை தப்பாகக் காட்டினாலும் மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. ஆளுக்கு ஒன்று கத்தினால் டிரைவர் யார் பேச்சைக் கேட்பான்? வண்டி உன்னுடையது என்றாலும் இத்தனை வருஷம் கல்லு மேல் நான் ஓட்டினேன், நீ காட்டினாய். இப்போது கண் மங்கிவிட்டது, லைசென்ஸும் போய்விட்டது. அதனால் காட்டுகிற வேலை எனக்கு வந்தது.

"எழுபது தாண்டின ஆளுக்குக் கல்லு மேல என்ன வேலை?" என்று உன் அக்கா கேட்டாள். கேட்டுவிட்டுத் தொப்பியை எடுத்துக் கொடுத்தாள்.

இந்த வருஷம் மழையே இல்லை மச்சான். யோங் பெங்கில் ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு வரிசையாகக் கிளம்பினோம். தோட்டத்துக்குள் பழைய செம்பனை மரத்தை எல்லாம் சாய்த்துவிட்டு இளங்கன்று வைத்திருக்கிறார்கள், நிழல் என்று ஒன்று இல்லை. முன்னால் போகிற வண்டியின் புழுதியில் அடுத்த வண்டி தெரியவில்லை. அதையும் தாண்டினால் கல் உடைத்து முடித்துவிட்டுப் போன அந்த இடம். ஒரு புல் கிடையாது. மணலும் கல்லும் வெயிலும்தான். வண்டிக்கு வண்டி பேசுகிற ரேடியோவில் ஒருத்தன், "சஹாரா வந்தாச்சு, ஒட்டகம் எல்லாம் இறங்குங்க," என்கிறான். இன்னொருத்தன், "உன் வண்டி ஒட்டகம்தான், தண்ணி ஊத்தாமலே ஓடுது," என்கிறான். சஹாரா என்றவன் ரேடியேட்டர் ஒழுகிக்கொண்டே வந்தது.

இப்போது கூட்டத்துக்குத் தலைவர் உசேன். உனக்கு ரொம்பப் பின்னால் சேர்ந்தவர், நல்ல மனுஷன். அவர் மனைவி ஓட்டிய காரில் ராணி சுற்றுவழியாக மேலே போய்விட்டாள். சரிவின் உச்சியில் மடக்கு நாற்காலி போட்டு, நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது கீழேயிருந்து தெரிந்தது. குடை வேறு.

மூன்று நாலு வண்டி ஏறியது. அந்த ரேடியேட்டர்க்காரனைக் கயிறு போட்டுத்தான் இழுத்தார்கள். அப்புறம் உன் ஜீப்.

நான் சரிவுக்கு நடுவில் கலாவைப் பார்த்து நின்றேன். அங்கே பிளந்த கல் ஒன்று இருக்கிறதே, அதுக்கு டிரைவரின் வலது பக்கம் ஒட்டிப் போகணும். இடது பக்கம் போனால் டயர் உள்ளே இறங்கிவிடும், அதுக்கு அப்பால் பள்ளம். அவள் நிதானமாக வந்தாள். வண்டிச் சத்தம் நீ வைத்திருந்த மாதிரியே இருந்தது. பிளவு வந்ததும் நான் வலது என்று காட்டினேன். அவள் இடது பக்கம் திருப்பினாள். இன்னும் வலது என்று வேகமாகக் காட்டினேன். அவளும் வேகமாக இடது பக்கம் ஒடித்தாள். முன் டயர் பிளவுக்குள் டக்கென்று இறங்கியது. பின்னால் வலது டயர் தரையை விட்டுத் தூக்கிக்கொண்டது. வண்டி பள்ளத்துப் பக்கமாகச் சாய்ந்து நின்றது.

உசேன் ரெண்டு கையையும் தூக்கி எல்லாரையும் அடக்கினார். மேலேயிருந்து ராணி மட்டும்தான் கத்தினாள். அவளுக்குச் சட்டம் ஏது?

"கலா, ஹாரனை அடி. கயிறு போடச் சொல்லு."

ஹாரன் அடித்தால் கயிறு. அது கலாவுக்கும் தெரியும். அவள் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, காலையும் பிரேக்கில் வைத்துக்கொண்டு, தலையை வெளியே நீட்டினாள்.

"மாமா, வலதுன்னா எந்தப் பக்கம் காட்டுறீங்க?"

"எப்பவும் காட்டுற பக்கம்தான்மா."

"எப்பவும் அப்பாதானே காட்டினாரு? நான் கிரேன் ஓட்டுறவ மாமா. கை எந்தப் பக்கம் நீட்டுதோ அந்தப் பக்கம்தான் எனக்குப் போகத் தெரியும்."

அப்போதுதான் மச்சான் எனக்குப் புரிந்தது. நாம் எஸ்டேட் லாரியில் இருந்தோமே, நான் டிரைவர், நீ உதவியாள். நான் ரிவர்ஸ் எடுக்கும்போது நீ லாரிக்குப் பின்னால், லாரியைப் பார்த்து நிற்பாய். உன் வலக்கை பக்கம்தான் என் வலக்கை பக்கமும். கண்ணாடியில் பார்த்து அப்படியே திருப்புவேன். பிற்பாடு ஜீப்புக்கு முன்னால் வந்து என் முகத்தைப் பார்த்து நின்றபோதும் நீ அந்தப் பழக்கத்தை விடவில்லை. என் வலது பக்கம் போகணும் என்றால் உன் வலக்கையைத்தான் தூக்கினாய். எதிரில் நிற்கிறவனின் வலக்கை எனக்கு இடது பக்கம் தெரியும். நான் அதைத் திருப்பிப் போட்டுப் புரிந்துகொண்டேன். நமக்குள் அது ஒரு நாளும் தப்பவில்லை. மற்ற யாருக்கும் அது தலைகீழ் என்று நாம் ரெண்டு பேரும் யோசிக்கவே இல்லை, பார்த்தாயா. அன்றைக்கு என் கை உன்னைப் பார்த்துப் பழகின மாதிரியே எழும்பியிருக்கிறது.

"சரி, இனிமே மாத்திக் காட்டுறேன்," என்றேன். பிளவிலிருந்து அவளே ஸ்டீரிங்கை நேராக்கி, அங்குலம் அங்குலமாகப் பின்னால் எடுத்து டயரை வெளியே கொண்டுவந்துவிட்டாள். அது அவள் கைத்திறன், என் வேலை அதில் இல்லை. மறுபடி வலது காட்டணும். மனசு இந்தக் கை என்கிறது, தூக்குகிறது அந்தக் கை. நல்லவேளை, அவள் அசையவில்லை.

"மாமா, மறுபடியும் அதே கைதான் தூக்குறீங்க."

"தெரியுது. அது சொன்ன பேச்சு கேட்கலை."

சுற்றி நின்றவர்களில் யாரோ சிரித்துவிட்டார்கள். கலாவும் சிரித்தாள். மேலே ராணி எழுந்து நின்றுவிட்டாள், குடை எங்கேயோ கிடந்தது. எனக்கு அந்த நேரத்தில் தோன்றியது இவ்வளவுதான்: முகம் பார்த்து நின்றால்தானே இந்தக் குழப்பம். நானும் அவளும் ஒரே பக்கம் பார்த்தால் என் வலது அவளுக்கும் வலது.

நான் திரும்பி, வண்டிக்கு முதுகைக் காட்டி நின்றேன்.

"பாக்சிக், ஜாங்கான் லா," என்றார் உசேன் மலாயில். சட்டத்தை மீறி அவர் வாய் திறந்தது அன்றைக்கு அந்த ஒரு தடவைதான். "பெரியவரே வேண்டாம், வண்டிக்கு முதுகு காட்டி நிக்கக் கூடாது. டயர் வழுக்கி முன்னால பாய்ஞ்சா உங்களுக்குத் தெரியாது."

"ஓட்டுறது யாருன்னு எனக்குத் தெரியும்," என்றேன்.

கலா ஹேண்ட் பிரேக்கை மறுபடி இழுத்துப் பார்த்தாள். அப்புறம், "விழுந்துட மாட்டீங்களே மாமா?" என்றாள்.

"நான் விழுந்தா நீ நிறுத்து. வலது டயர் உன் பக்கம்தானே இருக்கு, தலையை நீட்டினா கீழே தெரியும். நான் கால் வெச்ச கல்லுல அந்த டயரை ஏத்து. வேற எதையும் பார்க்காத. ஏறினதும் சொல்லு, அப்புறம்தான் அடுத்த காலை வெப்பேன்."

நடந்தேன். ஒரு கல், நிற்பேன். பின்னால் என்ஜின் உறுமும், கல் நொறுங்கும், ரேடியேட்டர் சூடு கழுத்தில் வந்து படும். "ஏறிட்டேன் மாமா" என்று சத்தம் வரும். அடுத்த கல். பிளவுக்குப் பக்கத்தில் கால் வைக்க இடம் ரொம்பக் குறுகல், பின்னாலேயே வண்டி. அங்கே ஒவ்வொரு கல்லையும் ரெண்டு தடவை மிதித்துப் பார்த்தேன், பயம்தான், பொய் சொல்ல மாட்டேன். நான் ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் லாரிக்குப் பின்னால் சேற்றில் நின்றாயே, ஒரு நாளாவது உனக்கு இப்படி இருந்ததா? கேட்காமல் விட்டுவிட்டேன். நீயாவது லாரியைப் பார்த்துக்கொண்டு நின்றாய். எனக்குச் சத்தம் மட்டும்தான்.

"ஏறிட்டேன் மாமா."

அது கடைசிக் கல். நிமிர்ந்து பார்த்தால் ராணியின் செருப்பு என் முகத்துக்கு நேராக இருக்கிறது. சரிவின் விளிம்புக்கே வந்து நின்றிருக்கிறாள். கை கொடுத்து என்னைத் தூக்கிவிட்டாள். ஜீப் என் பின்னாலேயே மேலே வந்து நின்றது. கயிறு போடவில்லை.

கீழே எல்லாரும் கை தட்டினார்கள். ராணி தட்டவில்லை. ஜீப்பிடம் போனாள், பானட் மேல் உள்ளங்கையை வைத்தாள், சுட்டது, எடுத்துக்கொண்டாள். கலா இறங்காமல் உட்கார்ந்தே இருந்தாள். ராணி என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்கும் பயம்தான். சொன்ன சொல்லை மாற்றினால் யார் கேட்க முடியும்?

"அண்ணே," என்றாள் என்னிடம், "உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா அண்ணிக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"ஆகலையேம்மா."

"அவரும் ஒவ்வொரு தடவையும் இதேதான் சொல்லுவாரு." அப்புறம் மகள் பக்கம் திரும்பினாள். "இறங்கிச் சாப்பிடு. வீட்டுக்குக் கொண்டு போனதும் அடியில ஒரு தகரம் வெச்சு நிறுத்து. போர்ச்செல்லாம் எண்ணெய் சொட்டுது, நானா துடைக்கிறது?"

அவ்வளவுதான் பேச்சு. நாசி லெமாக் ஆறிப்போய் இருந்தது. கலா ரெண்டு பொட்டலம் சாப்பிட்டாள். திரும்பும்போது ராணி கார்ப் பக்கம் போகாமல் ஜீப்பில் மகள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். நான் பின்னால். தம்போய் வரைக்கும் யாரும் உன்னைப் பற்றிப் பேசவில்லை. ஏர்கான் வேலை செய்யவில்லை என்று மட்டும் ராணி ரெண்டு தடவை சொன்னாள். உன் காலத்திலும் அது வேலை செய்ததா என்ன?

இப்போது தார்ப்பாயை எடுத்துவிட்டார்கள். கலா லீவு நாளில் ஜீப்பைக் கழுவுகிறாள். ராணி இன்னும் சுற்றிக்கொண்டுதான் போகிறாள், ஆனால் துவைத்த பாயைப் பானட் மேல் காயப் போட்டிருந்ததை நானே பார்த்தேன். டயாலிசிஸ் விஷயத்தில் உன்மேல் அவளுக்கு இருக்கிற கோபம் தீரவில்லை மச்சான். அது தீர வேண்டிய கோபம் என்றும் எனக்குத் தோன்றவில்லை. நீ அதை வாங்கிக்கொள்ளத்தான் வேணும்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். முட்டி இடம் கொடுக்கிறவரைக்கும் கலாவுக்கு முன்னால் நான் நடப்பேன். முட்டி விட்டுப்போனால் அவளுக்குப் பழகின வேறு ஒருத்தரை நிறுத்தச் சொல்லிவிட்டு, நான் மேலே ராணி பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வாயை மூடிக்கொள்வேன். கண் தெரிகிறது என்று சொல்லி ஸ்டீரிங் பக்கம் போக மாட்டேன்.

அந்தச் சரிவில் முதல் முதலாக வண்டியை ஏற்றினது நாம் நாலு பேர். தோட்டத்துக் கணக்கு எழுதின கிராணி கோபால் தோட்டத்தை விற்ற வருஷம் போனார். ஆ செங் பாலத்தை மூடியிருந்தபோது போனான், முகம் பார்க்கக்கூட விடவில்லை. அப்புறம் நீ. நாலில் இன்னும் மிச்சம் இருக்கிறவன்,

உன் அக்கா புருஷன்
பெருமாள்