பஸ் ஸ்டாண்டில் உன் போட்டோ

ஏரல்

அன்பு மகன் சுடலைக்கண்ணனுக்கு அம்மா முத்துக்கனி எழுதிக்கொள்வது. ஹைதராபாத்தில் நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க நம் சாஸ்தா துணை நிற்கட்டும். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் அப்பா சுகமாக இல்லை. பயப்படாதே, படுக்கையில் விழவில்லை, நடமாடத்தான் செய்கிறார். இப்போதெல்லாம் நீ போனில் கூப்பிடும்போது அவர் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறார், அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றி எப்படிப் பேச, அதனால்தான் உப்பு லோடு ஏற்றிக்கொண்டு அங்கே வரும் நம் பேச்சிராஜாவிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

உன் படத்தை நானும் முருகேஸ்வரி அத்தையும் அப்பாவுக்குத் தெரியாமல் தூத்துக்குடி போய் இரண்டு தடவை பார்த்துவிட்டோம். கடையை விட்டுவிட்டுக் கூத்தாடப் போனவன் என் மகனே இல்லை என்று அவர் சொல்லி மூன்று வருஷமாகிறது, நீ நடித்தது என்ன கதை என்றுகூட அவர் கேட்டதில்லை. கடலரசியாக வரும் அந்தப் பெண் என்ன லட்சணம். அவளுக்குக் காவலாக நின்ற நீ கடல் நாகத்தின் வாய்க்குள் விழுந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன், அத்தை தியேட்டரிலேயே மூக்கைச் சிந்தினாள். மந்திரவாதியாக வரும் பெரியவர் நிஜத்தில் தங்கமானவர், தன் சாப்பாட்டை உனக்குத் தருவார் என்று நீ சொன்னாய். இருந்தாலும் உன்னைத் தள்ளிவிட்ட கை அது, எனக்கு அவர்மேல் இன்னும் மனசு ஆறவில்லை.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். உன் சேக்காளி ஜெயகணேஷும் அவன் கூட்டமும், நீ படத்தில் செத்ததற்காக பஸ் ஸ்டாண்டில் பெரிய பிளக்ஸ் கட்டிவிட்டார்கள். மேலே கண்ணீர் அஞ்சலி, கீழே உன் சொந்தப் பேர். படத்தில் நீ போட்டிருந்த செதில் சட்டையும் வாளுமாக ஒரு போட்டோ போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அக்கா கல்யாணத்தில் வெள்ளைச் சட்டையில் சிரித்துக்கொண்டு நின்றாயே, அந்தப் போட்டோ, அதற்கு ஒரு மாலை வேறு. படத்தின் பேர் அடியில் பொடி எழுத்தில் இருந்ததாம். நம் பக்கத்தில் யார் செத்தாலும் இப்படித்தானே கட்டுகிறார்கள், அடி எழுத்து வரைக்கும் யார் நின்று வாசிப்பார்கள்? சரக்கு எடுக்கத் தூத்துக்குடி போய்விட்டு வந்த அப்பா, பஸ்ஸைவிட்டு இறங்கியதும் அதைத்தான் பார்த்திருக்கிறார்.

யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சரக்குப் பையை அங்கேயே போட்டுவிட்டு நேரே ஆற்றுக்குப் போய், சாவு கேட்டவர்கள் முழுகுவதுபோல் முழுகிவிட்டு, வேட்டி சொட்டச் சொட்ட வாசலில் வந்து நின்றார். ஏளா, புள்ளைய எங்கன வச்சிருக்காவ, வேற யாரும் போகாண்டாம், நானே போயி கூட்டிட்டு வாரேன் என்றார். எனக்கு விஷயம் புரிந்ததும், பாவி, சிரித்துவிட்டேன். அது சினிமாவுக்குக் கட்டினது, பிள்ளை நல்லா இருக்கான் என்று சொன்னேன். அவர் சிரிக்கவுமில்லை, அழவுமில்லை, ஈர வேட்டியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குச் சாயங்காலம் நீ கூப்பிட்டபோது போனை அவர் காதில்தான் வைத்தேன். நீ ஹலோ ஹலோ என்று கத்திவிட்டு சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டாய். சிக்னல் இருந்தது ஐயா, இந்தப் பக்கம் உன் அப்பா இருந்தார்.

ஜெயகணேஷ் மறுநாள் பிளக்ஸைக் கழற்றிவிட்டு வந்து காலில் விழாத குறையாக அழுதான், அவனை அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும். பிரஷர் ஏறிக் கிடக்கிறது, மாத்திரையை நான் கையில் கொடுத்தால்தான் போடுகிறார். சோறு இரண்டு வாய்தான். கடையில் உளுந்து கேட்டவர்களுக்குப் பயறு போடுகிறார். அந்தப் படத்துக்கு நாவல் இருக்கிறதாமே, அதை ஜெயகணேஷை விட்டு வாங்கி வரச்சொல்லி, கல்லாவில் உட்கார்ந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். நீ நாகத்தின் வாயில் விழும் இடம் வந்ததும் மூடி வைத்தவர், அதற்குமேல் திறக்கவில்லை.

அடுத்த பாகத்தில் நீ உயிரோடு திரும்பி வருகிறாய், அது வெளிவரும்வரை ஊர்ப்பக்கம் தலைகாட்டக் கூடாது என்று கம்பெனி எழுதி வாங்கியிருக்கிறது, பொங்கலுக்கும் வர முடியாது, யாரிடமும் சொல்லிவிடாதே என்றாய். கடையில் விற்கும் புத்தகத்தில் இருப்பதை மறைக்க என்ன ரகசியமோ, இருந்தாலும் நான் வாயைத் திறக்கவில்லை. நேற்று அவர் அந்தப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்ததைப் பார்க்கப் பொறுக்காமல், மேல வாசிங்க, அடுத்த பாகத்துல அவன் திரும்பி வாரான் என்று சொல்லிவிட்டேன். புத்தகத்துல வாரது கிடக்கட்டும், வீட்டுக்கு வரச் சொல்லு என்றார். உன்னை வரச் சொல்லி அவர் வாயால் கேட்டு மூன்று வருஷமாகிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது ராசா. கம்பெனிக்காரர்களிடம் உள்ளதைச் சொல்லிக் கேள், மந்திரவாதிப் பெரியவரையும் உனக்காகப் பேசச் சொல், அந்தக் கை ஒரு நல்லதாவது செய்யட்டும். விடமாட்டோம் என்றால் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பேச்சிராஜா லாரியிலேயே ஏறிவிடு. ஒரு பகல் போதும், முகத்தைக் காட்டிவிட்டுப் போ. வேளாவேளைக்குச் சாப்பிடு, கடல்போல் காட்டுகிற அந்தத் தண்ணீர்த் தொட்டிக்குள் நடிக்கும்போது கவனமாக இரு. நீ எடுக்கிற வேலையெல்லாம் நல்லபடியாக முடிந்து நூறு வயசு நிறைவாக இருக்க வேண்டும்.

மறக்காமல் ஒன்று. ஊருக்குள் லாரி வந்ததும் வீட்டுக்கு வந்துவிடாதே, பஸ் ஸ்டாண்டிலேயே இறங்கு. கடையைப் பூட்டிவிட்டு அப்பா இப்போது தினமும் அந்தப் பிளக்ஸ் கட்டியிருந்த இடத்தில்தான் போய் நிற்கிறார்.

உன் அம்மா,
பா. முத்துக்கனி