குளிர்காற்று வரும் மூலை

அன்பு மகன் தே-கியுவுக்கு, போஹாங்கிலிருந்து அப்பா எழுதுவது. உன் அம்மாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கே குறையொன்றும் இல்லை. நீ நலமென்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னாய், ஆனால் அதோடு சொன்ன இன்னொரு விஷயம் என்னைத் தூங்கவிடவில்லை. நேற்றே செய்தி அனுப்பினேன், நீயோ "பத்து வருஷம் சூளைகிட்ட நின்னவரு இப்ப காத்துக்குப் பயப்படுறீங்களாப்பா"ன்னு எழுதி, சிரிக்கிற பொம்மை ஒன்றையும் போட்டுவிட்டாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். இதைப் படம் எடுத்து இப்போதே அனுப்புவேன், தாள் பின்னால் காய்ந்த மீன் பொட்டலத்தோடு ஹங்கேரி வந்து சேரும்.

யோம் அண்ணனை நினைவிருக்கும், உன் கல்யாணத்தில் மைக்கைப் பிடுங்கிப் பாடியவர். போன செவ்வாய்க்கிழமை எங்கள் சூளையில் குழாய் மூட்டு ஒன்றைச் சரிசெய்ய அவர் உள்ளே போனார். நிக்கல் கூடுதலாக உள்ள பேட்டரிப் பொடி சாதாரணக் காற்றில் சரியாக வேகாது, லித்தியம் சேர்த்து ஆக்ஸிஜனில்தான் சுட வேண்டும், அந்த ஹங்கேரித் தொழிற்சாலையில் உனக்கும் அதுதானே வேலை. அந்த ஆக்ஸிஜன் மூட்டில் கசிந்திருக்கிறது. அதற்கு வாசனையும் இல்லை நிறமும் இல்லை. வேலை முடிந்து புகைபிடிக்கும் கூண்டுக்கு என்னோடு வந்தவர், "உள்ள ஏசி போட்ட மாதிரி ஜில்லுன்னு இருந்துச்சுடா, ஒரு வாரம் லீவு எடுத்த தெம்பு"ன்னு சொல்லிக்கொண்டே லைட்டரைத் தட்டினார். சட்டைக் கை பற்றியது, அடுத்த மூச்சுக்குள் மார்பு. துணி எரிகிற விதமாக அது எரியவில்லை, பெட்ரோலில் நனைத்ததைப் போல எரிந்தது. நான் தீயணைப்பானை எடுத்து அடிப்பதற்குள் முகம் வரை ஏறிவிட்டது. துணி இழைகளுக்குள் ஆக்ஸிஜன் தங்கியிருந்தது என்று பாதுகாப்பு அதிகாரி பிறகு சொன்னார். தேகு மருத்துவமனையில் போய்ப் பார்த்தேன், தொண்டையும் வெந்திருக்கிறது, காற்றுதான் வருகிறது, குரல் இல்லை. "உன் மகன் தப்பிச்சான், இனி என் பாட்டக் கேக்க வேணாம்"னு கிசுகிசுத்துச் சிரிக்கப் பார்த்தார்.

இப்போது நீ போனில் சொன்னதை நினைத்துப் பார். "மூணாம் சூளைக்குக் கீழ ஒரு மூலை இருக்குப்பா, குளுகுளுன்னு காத்து வருது, எல்லாரும் அங்கதான் நின்னு இளைப்பாறுவோம், காபியே வேணாம், தலை தெளிஞ்சிடும். பக்கத்துல ஒரு அலாரம் சும்மா கத்திக்கிட்டே இருந்துச்சு, அத அடைச்சு வச்சிட்டோம்." அங்கிருந்து நேராகச் சிகரெட் பிடிக்கப் போவதாகவும் சொன்னாய். சூளைக்கு அடியில் குளிர்காற்று எங்கிருந்து வரும் மகனே? அந்த மூலைக்கு யாரும் போகக் கூடாது. அலாரம் சும்மா கத்தவில்லை, ஆக்ஸிஜன் கசிவுக்குத்தான் கத்தியிருக்கிறது, அடைத்ததை எடுக்கச் சொல். ஃபோர்மேனிடம் இன்றைக்கே சொல், புதிதாக வந்தவன் எப்படிச் சொல்வது என்று தயங்காதே, ஊரில் ஒரு கிழவன் பயந்து சாகிறான் என்று என் பெயரைப் போட்டுச் சொல். ஏற்கெனவே அங்கே நின்றிருந்தால் நெருப்புப் பக்கமே போகாதே, உடையை மாற்று, கால் மணி நேரமாவது வெளிக்காற்றில் நில், சட்டையை உதறு. சிரித்தால் சிரிக்கட்டும்.

உன் அம்மாவிடம் யோம் அண்ணனுக்கு வெந்நீர் கொட்டிவிட்டது என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். நீயும் வேறெதுவும் சொல்லாதே. அவள் அடுப்பைப் பற்றவைக்கும் சத்தம் கேட்டால் நான் பால்கனிக்குப் போய்விடுகிறேன். "இந்தக் குளிர்ல அப்படியென்ன சிகரெட்டு, நுரையீரல வித்துட்டீங்களா"ன்னு திட்டுகிறாள். சிகரெட்டை நான் விட்டாயிற்று, அவளுக்குத் தெரியாது. அங்கே மேலங்கியைத் திறந்து பிடித்துக்கொண்டு கடற்காற்றில் நிற்கிறேன், சட்டையில் எதுவும் மிச்சமில்லை என்று தெரிந்தும்.

நீயும் மருமகளும் தலை நரைக்கும் வரை ஒரே மேசையில் சாப்பிட வேண்டும், வேறு ஆசி எனக்குத் தெரியவில்லை. மீனைப் பிரித்ததும் பனிப்பெட்டியில் வை. அந்த அலாரம் மறுபடி கத்துகிறதா என்று பதில் போடு. பொம்மை வேண்டாம், எழுத்தில்.

உன் அப்பா,
போங் சங்-ரியுல்