வாசலில் கட்டிய படிகாரம்

செவிலிமேடு,
ஞாயிற்றுக்கிழமை.

குமரகுரு அவர்களுக்கு அகிலா எழுதுவது.

‘அன்புள்ள’ என்று எழுதிப் பார்த்தேன், மனசு வரவில்லை; அடித்துவிட்டேன். அத்தைக்கு முழங்கால் வலி தவிர வேறொன்றும் இல்லை. மாத்திரை வாங்கி வைத்துவிட்டுத்தான் உங்கள் வீட்டை விட்டு வந்தேன். மேலே உள்ள விலாசத்தைப் பார்த்தால் எங்கே வந்தேன் என்பது புரியும். வாடகை வீடு, ஒரே அறை. சென்னை பஸ்ஸுக்குப் பக்கம்.

போன வருஷம் நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் பற்றி இனி சுற்றி வளைக்கப்போவதில்லை. படிகாரத்துக்குள் கட்டுண்டிருக்கும் தண்ணீர் அசைவதே இல்லை என்று எழுதினீர்கள். லேபில் என்.எம்.ஆர். கருவியின் காந்தத்துக்குள் வைத்துச் சூடேற்றினீர்கள், வரைபடத்தில் ஹைட்ரஜன் காட்டிய கோடுகள் மாறவில்லை, அவ்வளவுதான் உங்கள் ஆதாரம். தண்ணீர் மூலக்கூறு அரைவட்டமாகப் புரண்டால் அதன் இரண்டு ஹைட்ரஜனும் இடம் மாறிக்கொள்ளும். இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால் அந்தக் கோட்டில் அது தெரியவே தெரியாது. சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதில் கன ஹைட்ரஜன் உள்ள கன நீரில் வளர்த்த படிகத்தில்தான் தெரியும். இதை நான் சொன்னபோது நீங்கள் மறுக்கவில்லை. ஜெர்மனியில் உங்கள் வேலை நிரந்தரமாகும்வரை வாயை மூடிக்கொண்டிரு என்றீர்கள். என் பிஎச்டி அதற்குள் காலாவதியானால் உங்களுக்கென்ன.

மேலே ஒன்றும் தெரியாவிட்டால் உள்ளே ஒன்றும் நடக்கவில்லை என்று முடிவுகட்டுவது உங்கள் சுபாவம். கட்டிய மனைவி என் விஷயத்திலும் அப்படித்தான் இருந்தீர்கள்.

லேபில் ராத்திரி ஏசியை நிறுத்திவிடுகிறார்கள் என்பதால் அந்தப் படிகத்தை வீட்டில்தான் வளர்த்தேன். கீழே தறி அதிருமே என்று மாடியில் அரிசி டிரம்முக்குள் பாட்டிலைப் புதைத்து வைத்திருந்தேன். கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய கன நீர் அது, இன்னொரு முறை கிடைக்காது. நான் சென்னையில் தங்கிய வாரம் பார்த்து அத்தைக்குப் போன் போட்டு, அது விஷத் தண்ணீர், கொட்டிவிடு என்று சொல்லியிருக்கிறீர்கள். பெற்ற தாயை வைத்து இந்தக் காரியம் செய்ய உங்களுக்குக் கூசவில்லையா?

நான் திரும்பி வந்தபோது டிரம்முக்குள் பாட்டில் இல்லை. அத்தை ஒன்றும் ஒளிக்கவில்லை. “தண்ணிய சாக்கடைல ஊத்திட்டேம்மா. கல்லு மட்டும் பளபளன்னு இருந்துச்சு, நம்ம படிகாரமாச்சேன்னு வாசல்ல கட்டிட்டேன். என் புள்ள மேல எவன் கண்ணும் படக்கூடாது பாரு” என்றார்கள்.

நிமிர்ந்து பார்த்தேன். நிலைப்படிக்கு மேலே கறுப்புக் கயிற்றில் என் படிகம் தொங்கிக்கொண்டிருந்தது. திண்டிவனத்திலிருந்து வந்திருந்த உங்கள் சித்தி அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாராம். ஸ்டூல் போட்டு ஏறி அவிழ்த்தேன். அழுதேன், சிரிக்கவும் செய்தேன். வெளிக்காற்று பட்ட மேல்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பார்த்தால் உள்ளே கல் அப்படியே இருந்தது.

லேபில் என் முறை வந்ததும் அதைக் காந்தத்தில் வைத்தேன். சூடேற ஏற, கோடுகள் ஒன்றையொன்று நெருங்கி ஒன்றாகிவிட்டன. தண்ணீர் புரள்கிறது, குமரகுரு. நீங்கள் அசையவே இல்லை என்று எழுதிய அதே தண்ணீர்.

கட்டுரையை வெள்ளிக்கிழமை அனுப்புகிறேன். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வருவதற்குள் அது போயிருக்கும். நீங்கள் யாரையும் பிடித்துத் தடுக்க முடியாது என்பதற்காகத்தான் தபாலில் எழுதுகிறேன். உங்கள் கட்டுரைக்குத் திருத்தத்தை நீங்களே எழுதி அனுப்புங்கள். கெஞ்சிக் கேட்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லி ஊர் தெரிந்துகொண்டால் அத்தை தாங்கமாட்டார்கள். அவர்களிடம் நான் எதையும் சொல்லவில்லை.

அந்தக் கல்லை இனித் திருப்பித் தரமாட்டேன். வாசல் வெறுமையாக இருக்கிறது, வேறு படிகாரம் வாங்கிக் கட்டச் சொல்லுங்கள். உங்கள் மேல் யார் கண்ணும் படாமல் இருக்கட்டும். என் கண்ணையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
அகிலா.